பதினொண்ணு வேணும்னா பன்னெண்டு

4-6-1983, சனி

“சரியா இருந்தா காப்பியா சார்?”

1959-இல் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஒரு பையன் என்னைக் கேட்ட கேள்வி. இருபத்துநாலு வருடம் கழித்து இன்று காலை நூலகத்தில் ஞாபகம் வந்தது. ஒரு பழைய விமானப் புத்தகத்தில் ‘நாட்’ சண்டை விமானத்தின் மூன்று படங்கள் இருக்கின்றன: மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து. எண்ணெய்த்தாளை வைத்து வரைந்துகொண்டிருந்தேன். நூலகர் எட்டிப் பார்த்து, “என்ன சார், நீங்களே காப்பி அடிக்கிறீங்க?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பென்சில் கொஞ்ச நேரம் நகரவில்லை.

கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. குதிரில் இருந்த நெல்லில் பன்னிரண்டில் ஒரு பங்கை எலி தின்றது போக மீதி 77 படி. முதலில் இருந்தது எத்தனை படி? பாதி வகுப்பு 77-இல் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கூட்டித் தப்பாக எழுதியது. கருத்தக்கண்ணன் என்ற அந்தப் பையன் ‘84’ என்று மட்டும் எழுதியிருந்தான். வழிமுறை ஒரு வரிகூட இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் வகுப்பில் முதல் மாணவன். அவன் விடையும் 84. நான் கருத்தக்கண்ணனுக்குப் பூஜ்யம் போட்டுப் பெஞ்சு மேல் ஏற்றினேன். மேலே நின்றபடிதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். “வாயை மூடுடா” என்றேன்.

இதை இன்றைக்கு ஏன் எழுதுகிறேன்? தெரியவில்லை. படம் பாதிதான் முடிந்திருக்கிறது. திங்கள் திரும்பப் போக வேண்டும்.

12-6-1983, ஞாயிறு

வீட்டுக்காரி செல்லத்தாய் கேட்டாள்: “ரிட்டயர் ஆனா மனுசன் ராமேஸ்வரம் போவான், காசி போவான். நீங்க ஏரோப்ளேன் செய்யப் போறீகளாக்கும்?”

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். போன தை மாதம் ஆரப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கைவினைக் கழகத்தின் கண்காட்சி நடந்தது. கழகச் செயலாளர் அழகுமலை, கடிகாரக் கடைக்காரர். ஒரு மேசை நிறைய அவருடைய வெளிநாட்டு விமானங்கள். ‘கிட்’ என்பார்கள், பெட்டியில் துண்டு துண்டாக வரும்; ஒட்டி வர்ணம் பூச வேண்டும். அழகாகத்தான் இருந்தன. “இதை நாமே செய்ய முடியாதா?” என்று கேட்டேன். “நம்மூர்லயா?” என்றார். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

நம்மூர்லதான்.

19-6-1983

போட்டி விதியைத் தபாலில் வாங்கிப் படித்தேன். வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி ஒட்டியவை தனி மேசை, பரிசு கிடையாது. போட்டி மேசையில் முழுக்கச் சொந்தக் கையால் செய்தவை மட்டும்.

நான்கு விமானம் வைப்பேன். பத்திரிகைப் படங்களில் நாட் விமானங்கள் நான்கு நான்காகத்தான் பறக்கும், கையின் நான்கு விரல் நுனி போல. நான்கையும் தனித்தனியாகச் செதுக்க எனக்கு ஆயுள் போதாது. ஒன்றைச் செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுத்து, ரெசின் ஊற்ற வேண்டும். ரெசின் என்பது தண்ணீர்த் தொட்டி செய்கிறார்களே, அந்தக் கண்ணாடி நார்ப் பட்டறையில் பாகு மாதிரி வைத்திருக்கும் சாமான். மருந்து கலந்தால் கல்லாகிவிடும். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். உறை குறைந்தால் தோயாது, கூடினால் புளித்துவிடும்.

அளவு: 72-இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான். அந்தக் கணக்கில் இருபத்தொன்பதே முக்கால் அடி விமானம் 12.6 சென்டிமீட்டர்.

3-7-1983, ஞாயிறு

கீழமாசி வீதியில் பிளாஸ்டர் பவுடர் வாங்கினேன். “அச்சு எடுக்கணும்னா விளாச்சேரிக்குப் போங்க சார், கொலு பொம்மை செய்றவுக சொல்லித் தருவாக” என்றார் கடைக்காரர். போனேன். தெருவெல்லாம் காயப்போட்ட தலைகள். தலை ஒரு பலகை, கை ஒரு பலகை. கடைக்காரர் சொன்ன வீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் அச்சைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்க சார். வெள்ளைத்துரை சார்தான?”

“ஆமா. நீங்க—”

“கருத்தக்கண்ணன். எட்டு பி.”

அவர் மனைவி சுந்தரம்மாள் முக்காலியைத் துடைத்துப் போட்டார். “இவுகளுக்குப் பாடஞ் சொன்ன சாரா? பாவம்” என்று சிரித்தார். பெஞ்சைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு மணி நேரம் இருந்தேன், காப்பி கொடுத்தார்கள். அந்தச் சொல்லையே இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கருத்தக்கண்ணன் என் படத்தை விரித்துப் பார்த்தார். விரலால் மூக்கிலிருந்து வால் வரை தடவினார்.

“றெக்கையோட சேத்து அச்செடுத்தா வெளிய வராது சார். கிருஷ்ணருக்கு நாங்க கையைத் தனியாத்தான் அடிக்கிறோம், பெறகு சொருகிருவோம். உடம்பு ரெண்டு பாதி, றெக்கை தனி, வாலு தனி.”

நான் மூன்று வாரம் யோசித்தும் பிடிபடாதது. கிளம்பும்போது சொன்னார்:

“ஒண்ணு மறந்துராதீக. பதினொண்ணு வேணும்னா பன்னெண்டு வைக்கணும். காஞ்சு வரும்போதுதான் சரியா நிக்கும்.”

சுருக்கத்துக்கு விட வேண்டிய இடம். எவ்வளவு அழகான விதி! வீட்டுக்கு வந்ததும் எல்லா அளவையும் பன்னிரண்டால் பெருக்கிப் பதினொன்றால் வகுத்து வரைபடத்தாளில் மறுபடி வரைந்தேன். இப்போது நீளம் 13.7.

வாங்க போங்க என்றுதான் பேசினேன். டா போட வாய் வரவில்லை.

24-7-1983

குமிழ் மரத்துண்டு. மூக்கு வந்துவிட்டது. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகை இல்லை. பென்ஷன் ஆபீசில் கைநாட்டு கேட்டால் திண்டாட்டம்தான்.

15-8-1983, திங்கள்

கொடி ஏற்றப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்து மத்தியானம் இறக்கையை முடித்தேன். பிஸ்கட் டின் தகட்டை அறுத்து மேலே பசை போட்டு மட்டம் செய்தது. இறக்கை கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கூரைச் சாய்ப்பு மாதிரி. அதற்கு அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டி வைத்து உடம்போடு பொருத்திப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே கோணம்.

செல்லத்தாய் கையில் எடுத்துப் பார்த்தாள். “கொசு மாதிரி இருக்கு” என்றாள். ‘நாட்’ என்பதற்கே கொசு மாதிரி ஒரு பூச்சி என்றுதான் அர்த்தம் என்றேன். “நெசமாவா?” அதற்குப் பிறகு அவள் அதைக் கொசு என்றுதான் சொல்கிறாள்.

4-9-1983, ஞாயிறு

விளாச்சேரியில் அச்சு எடுத்தோம்; இறக்கைக்கும் வாலுக்கும் தனித்தனி அச்சு. மரத்தைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, மேலே பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் புரட்டி, களிமண்ணை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணி தடவி மறுபாதி ஊற்ற வேண்டும். எதையும் கருத்தக்கண்ணன் அளக்கவில்லை. பவுடரைத் தண்ணீரில் தூவினார். தீவு மாதிரி மேலே நிற்கத் தொடங்கியதும் நிறுத்தினார். “இம்புட்டுத்தான்.” நவராத்திரி நெருங்குகிறது, அவருக்குத் தலைக்கு மேல் வேலை. இருந்தும் அரை நாள் எனக்குக் கொடுத்தார்.

அச்சைத் திறந்தபோது உள்ளே விமானத்தின் வெற்றிடம். இல்லாத விமானம் இருக்கிற விமானத்தைவிடக் கச்சிதமாகத் தெரிந்தது.

11-9-1983

முதல் வார்ப்பு. அச்சோடு ஒட்டிக்கொண்டது. உடைத்துத்தான் எடுத்தேன். இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றியவன் கதி.

18-9-1983

புது அச்சு. அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு, மேலே தரைக்குப் போடும் மெழுகு. இரண்டாம் வார்ப்பு ஒட்டவில்லை, ஆனால் தோயவும் இல்லை. அச்சுக்குள் ஈரம் இருந்திருக்கிறது. அல்வா.

எதிர் வீட்டு மலைச்சாமி வாசலில் வந்து நின்றார். “என்ன மாமா, பஞ்சர் கடை வைக்கப் போறீகளா? தெருவே நாறுது.”

“ஏர்போர்ஸ் வைக்கப் போறேன் மாப்ள. உனக்கு வேலை வேணுமா?”

போய்விட்டார். பின்வாசல் பக்கம் மாற்றிக்கொண்டேன். நிறுத்தமாட்டேன்.

2-10-1983, ஞாயிறு

அச்சைப் பத்து நாள் வெயிலில் போட்டேன். ரெசினில் முகப்பவுடர் கலந்தேன், ஓட்டம் அடங்கி வெள்ளையாக வரும். ஊற்றிய பிறகு அச்சைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழியை ஏற்றி வெளியேற்றினேன், இல்லையென்றால் ஆப்பம் மாதிரி ஓட்டை விழும்.

வந்துவிட்டது. மூக்கு, வால், காற்று உள்ளே போகும் இரண்டு வாய், எல்லாம். செல்லத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். “குஞ்சு பொரிச்சுருச்சா?”

அளந்தேன். 13.6. காயட்டும்.

5-10-1983

13.6.

9-10-1983

13.6. வெயிலில் வைத்தேன்.

14-10-1983

இன்றும் 13.6.

15-10-1983, சனி

சுருங்காது. பட்டறைக்காரரைக் கேட்டேன். “மயிரிழை சுருங்கும் சார், அது ஊத்துன அன்னைக்கே முடிஞ்சு போச்சு.”

மண் சுருங்கும். ரெசின் சுருங்காது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கும்: “சார், இது மண்ணா?” முப்பத்துநாலு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஒரு விதியின் அழகில் மயங்கி, அது எதற்கான விதி என்று கேட்காமல் விட்டுவிட்டேன். என் நாட் விமானம் இரண்டரை அடி வளர்ந்துவிட்டது!

16-10-1983, ஞாயிறு

கோபத்தோடு விளாச்சேரிக்குப் போனேன். தப்பு அவர் மேல் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

“நீங்கதான பன்னெண்டு வைக்கச் சொன்னீங்க?”

“மண்ணுக்குச் சொன்னேன் சார். நீங்க என்னமோ மருந்து ஊத்தப் போறேன்னீக. மருந்து காயுமா காயாதான்னு பொம்மைக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?” தலையைச் சொறிந்தார். “கணக்கு வாத்தியார் நீங்கதான?”

சுந்தரம்மாள் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

புதிதாக மரம் செதுக்க மூன்று மாதம். கண்காட்சிக்கும் மூன்று மாதம்தான். வர்ணம் யார் பூசுவது? முடியாது.

30-10-1983

நான்கும் வார்த்தாயிற்று. மரத்தில் ஒரு மூக்கு செதுக்கி, சட்டைப் பெட்டியின் பளிங்கு மூடியை அடுப்பில் வாட்டி அதன் மேல் இழுத்து விமானியின் கண்ணாடிக் கூண்டு செய்தேன். பதினொரு மூடி பாழ். துணிக்கடைக்காரர் நான் வந்தாலே மூடிகளை ஒளித்து வைக்கிறார்.

18-12-1983, ஞாயிறு

வர்ணம் முடிந்தது. கண்காட்சி அட்டை எழுதினேன். பெயர், பொருள், அளவு.

அளவு. 72-இல் பதினொன்றால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 66. உண்மையில் இது அறுபத்தாறில் ஒரு பங்கு. அப்படி எழுதினால் ஏன் அறுபத்தாறு என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள்.

1/72 என்று எழுதிவிட்டேன். யார் அளக்கப் போகிறார்கள்?

21-1-1984, சனி

கண்காட்சி தொடங்கியது. நான்கு விமானமும் நான்கு கம்பியில், விரல் நுனி போல. செல்லத்தாய் பட்டுப் புடவை கட்டி வந்தாள். பார்க்கிறவர்களிடம் எல்லாம் “கொசு, கொசு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் என் மேசையில்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அழகுமலையும் பார்த்தார்.

22-1-1984, ஞாயிறு

போனதும் பார்க்கிறேன், என் விமானங்களை எடுத்துத் தனி மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அட்டை மேல் சிவப்பு மையில்: ‘வெளிநாட்டு கிட். போட்டிக்கு அல்ல.’

அழகுமலையிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் தாங்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க சார். கமிட்டி முடிவு. நாலும் அச்சு அசலா ஒண்ணு போலவே இருக்கு. கையால செஞ்சா நாலும் நாலு தினுசா இருக்கும். இம்புட்டு சரியா நமக்கு வராது சார்.”

“அச்சுல வார்த்தா அச்சு அசலாத்தான்யா இருக்கும்!”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக.”

“அச்சைக் கொண்டுவந்து காட்டவா?”

“கிட்டுல இருந்தும் அச்செடுக்கலாம் சார். அதுவும் காப்பிதான?”

காப்பி.

என்னைப் பார்த்து. என்னைப் பார்த்துச் சொல்றான்யா. எத்தனை பேர் கையிலிருந்து பிட்டு பிடுங்கியிருக்கேன்! முப்பத்துநாலு வருசத்துல ஒருத்தருக்காவது மார்க்கைக் கூட்டிப் போட்டிருப்பேனா? சொந்த அண்ணன் மகனுக்கே—

செல்லத்தாய் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். “விடுங்க, எடுத்துட்டுப் போயிருவோம். நம்ம வீட்ல வச்சுக்கிருவோம்.”

எடுக்கமாட்டேன். எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பெஞ்சில் என்னை ஏற்றிவிட்டார்கள். இறங்கமாட்டேன். கண்காட்சி நாளையோடு முடிகிறது.

(சாயங்காலம்.) அழகுமலை எதை நம்புகிறார்? வெளிநாட்டுப் பெட்டியை. அதே விமானத்தின் பெட்டி எங்காவது இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்—

பக்கத்தில் வைத்து அளந்தால் என்னுடையது ஒரு சென்டிமீட்டர் கூடுதல் நீளம். அவருடைய பெட்டியிலிருந்து வந்ததல்ல என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அட்டையில் 1/72 என்று நானே எழுதியிருக்கிறேன். திருடன் இல்லை என்று காட்ட, பொய்யன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர் முன்னால். என்னிடம் படித்தவர்கள் பாதிப் பேர் வரும் இடத்தில்.

நல்ல வசமாக மாட்டிக்கொண்டாய் வெள்ளைத்துரை.

23-1-1984, திங்கள்

எழுதி வைக்க வேண்டும், ஒன்று விடாமல்.

காலையில் அழகுமலையின் கடைக்கே போனேன். “உங்ககிட்ட நாட் விமானப் பெட்டி இருக்கா?”

“எங்கிட்ட இல்ல. மச்சினன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்து ஒட்டி வச்சிருக்கான்.”

“மண்டபத்துக்குக் கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வைப்போம். அளக்குற இடுக்கி உங்க கடையிலயே இருக்கு. அதையும் கொண்டாங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் வந்தார். கமிட்டிக்காரர்கள் ஐந்தாறு பேர், சுற்றிலும் கூட்டம். மச்சினனுடைய விமானத்தை என் நான்குக்கு அருகில் வைத்தார்.

“பாத்துக்கங்க. அதே மூக்கு, அதே வாலு.”

“ரெண்டும் ஒரே விமானம் அழகுமலை. மூக்கு வேற எங்க இருக்கும்?”

கூட்டம் சிரித்தது. அவருக்கு முகம் சிவந்தது. “சரி, அளந்துருவோம்.” கடிகாரச் சக்கரம் அளக்கும் பித்தளை இடுக்கி. அவருடையது 12.6. என்னுடையதை அளந்தார். திரும்ப அளந்தார். மற்ற மூன்றையும் எடுத்து அளந்தார்.

“பதிமூணு புள்ளி ஆறு” என்றார். பிறகு என் அட்டையைப் பார்த்தார். கெட்டிக்காரர், பிடித்துவிட்டார். “ஆனா நீங்க ஒண்ணுக்கு எழுபத்திரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே சார்?”

“அது பொய்.”

சத்தமாகவே சொல்லிவிட்டேன். வகுப்பில் பேசுகிற சத்தம்.

“தப்பாச் செஞ்சேன். தெரிஞ்ச பொறகும் மறைச்சு எழுதினேன். இது அறுபத்தாறுல ஒரு பங்கு. ஏன்னு கேளுங்க. பொம்மைக்காரங்க, பதினொண்ணு வேணும்னா பன்னெண்டு வைப்பாங்க. மண்ணு காஞ்சு சுருங்கும்ல, அதுக்காக. நான் ரெசினுக்கும் அதையே வச்சேன். ரெசின் சுருங்கல. இந்தத் தப்பு சிங்கப்பூர்ல நடக்காது, லண்டன்ல நடக்காது. விளாச்சேரிக்குப் போயி அச்செடுத்தவனுக்கு மட்டுந்தான் நடக்கும். சந்தேகம்னா அங்க போயிக் கேளுங்க!”

யாரோ பின்னாலிருந்து, “அப்ப இது விளாச்சேரி கிட்டுண்ணே!” என்றார்கள். சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். செல்லத்தாய் சிரிக்கவில்லை, அழகுமலையையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

கமிட்டி தனியாகப் போய்ப் பேசியது. சிவப்பு மை அட்டையைக் கிழித்தார்கள். விமானங்கள் போட்டி மேசைக்குத் திரும்பின. அளவைத் தப்பாகக் குறித்ததால் பரிசு கிடையாது என்றார்கள். “நியாயம்” என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன்.

அழகுமலை புது அட்டை கொண்டுவந்து என் பக்கம் தள்ளினார். “நீங்களே எழுதுங்க சார்.” எழுதினேன்: ‘நாட் விமானம், நான்கு. அளவு 1/66, விளாச்சேரி அளவு. செய்தவர்கள்: வெள்ளைத்துரை, கருத்தக்கண்ணன்.’

மூடும் நேரத்தில் அழகுமலையே வந்தார். இடுக்கியால் விமானத்தின் வாலைப் பிடித்தும் விட்டும், “ரெசின் எங்க வாங்குனீங்க?” என்றார்.

24-1-1984

விடியற்காலையில் பல் விளக்கும்போது வந்தது. வாயில் பற்பொடியோடு நின்றுவிட்டேன்.

77.

ஏழு பதினொன்று எழுபத்தேழு. ஏழு பன்னிரண்டு எண்பத்துநான்கு.

பதினொண்ணு வேணும்னா பன்னெண்டு. வழிமுறை எழுத அவனிடம் என்ன இருந்தது? அவன் வீட்டில் தினமும் சோறு மாதிரி புழங்குகிற கணக்கு. வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் என் வழியில் போட்டார்கள், பாதிப் பேர் தப்பாகப் போட்டார்கள். அவன் ஒருவன் அவன் வழியில் போட்டான். பக்கத்துப் பையனைத் திரும்பியே பார்த்திருக்கமாட்டான்.

இம்புட்டு சரியா உனக்கு வராதுடா — நானும் அதைத்தான் சொன்னேன். இன்னும் குறைந்த சாட்சியை வைத்துக்கொண்டு.

29-1-1984, ஞாயிறு

விளாச்சேரி. பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டேன்.

“எட்டாம் வகுப்புல ஒரு நெல்லுக் கணக்கு. எழுபத்தேழு படி. ஞாபகம் இருக்கா?”

அவர் கையிலிருந்த மண்ணை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“எண்பத்துநாலு” என்றார்.

“எப்பிடிப் போட்டீங்க?”

“எப்பிடிப் போடுறது? ஏழு உருப்படி. உருப்படிக்குப் பதினொண்ணு. பன்னெண்டு வச்சா எண்பத்துநாலு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“பெஞ்சு மேல ஏத்திட்டீக. வாயை மூடுன்னுட்டீக. அங்க இருந்து எப்பிடிச் சொல்ல?”

நான் கும்பிட்டேன். “தப்பு என்னோடது. நீங்க காப்பி அடிக்கல. அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கணும்.”

“இப்பப் போட்டு? அந்த மார்க்க எந்தக் கடையில போயி மாத்த?” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “அதுக்காகத்தான் பள்ளிக்கூடத்த விட்டியான்னு கேக்காதீக சார். பாதி அதுக்காக. பாதி அப்பாவுக்கு இடுப்பு ஒடிஞ்சதுக்காக.”

பாதி. எனக்கு உரியது அது. அதைக் குறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன்.

சுந்தரம்மாள்தான் பேச்சைத் திருப்பினார். “சார், ஒக்காருங்க. ஆரப்பாளையத்துல நீங்க இவுக பேரை எழுதிப் போட்டதப் பாத்துட்டு மூணு பேரு வந்து கேட்டுட்டாக, கொலுவுல வைக்க ஏரோப்ளேன் உண்டான்னு. உண்டுன்னு சொல்லிட்டேன்.”

“உங்க மரத்தைக் குடுங்க சார்” என்றார் கருத்தக்கண்ணன். “அரக்கு பூசுன அச்சு மண்ணுக்கு ஆகாது, தண்ணியக் குடிக்காது. புதுசா எடுத்துக்கிறேன்.”

4-3-1984, ஞாயிறு

மரத்தைக் கொடுத்து ஒரு மாதம் ஆயிற்று. இன்று காலை கருத்தக்கண்ணன் கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் தடவை. செல்லத்தாய் காப்பி போட்டாள். வைக்கோல் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தார். மண் விமானம். காய்ந்து, சூளையில் வெந்து, செங்கல் நிறத்தில். இறக்கை மட்டும் உடையாமல் இருக்கக் கொஞ்சம் தடிமன் வைத்திருக்கிறார்.

“அளங்க சார்.”

அளந்தேன்.

12.6.

செய்தித்தாள் மேல் அதை வைத்துவிட்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மரம் ஜூலையிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. “இப்பச் சொல்லுங்க, யாரு தப்பு?” என்றார் அவர். செல்லத்தாய் டம்ளரை வைத்துக்கொண்டே, “உங்க சார் தப்பு” என்றாள்.

நவராத்திரிக்கு இருபது கேட்டிருக்கிறார்கள். அழகுமலை இரண்டு.

எந்தப் பாடத்தையும் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்க ஒன்று கொடுக்காமல் நான் முடித்ததில்லை. இந்த நோட்டை யார் எடுத்துப் படித்தாலும் சரி: கொஞ்சம் களிமண்ணைப் பிசைந்து பலகையில் தட்டி, அதன் மேல் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கிழித்து நிழலில் காய வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அந்தக் கோட்டை அளந்து பாருங்கள்.